நாக்கில் கசந்த கண் மருந்து

போன மாதம் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் தன் எம்.ஃபார்ம் ஆய்வேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள், போதும். திங்கட்கிழமை கைடிடம் கொடுக்க வேண்டும்" என்றாள். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளின் நானோ துகள்களில் கண் மருந்தை ஏற்றுவது பற்றிய ஆய்வு. 2015-இல் நானும் அதே பொருளில் ஆய்வேடு கொடுத்தவள் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார். பிழை திருத்திக்கொண்டே போனவள் முடிவுரையின் கடைசி வரியில் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இத்துகள்கள் கண்ணின் மேற்பரப்பில் நெடுநேரம் தங்குவதால் சொட்டு இடும் எண்ணிக்கை குறையும், நோயாளியின் ஒத்துழைப்பு கூடும்.' பரணில் கிடந்த என் ஆய்வேட்டை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். அதே வரி, அதே இடத்தில். அவள் என்னுடையதைப் பார்த்ததில்லை. நான் யாருடையதைப் பார்த்து எழுதினேன் என்று எனக்கும் நினைவில்லை. பந்தியில் இலையின் ஓரத்தில் உப்பு வைப்பதுபோல, யாரும் கேட்காமல், யாரும் தொடாமல், அந்த வரி ஒவ்வோர் ஆய்வேட்டின் ஓரத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

திங்கட்கிழமை போய் அடுத்த திங்கட்கிழமையும் வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஆய்வேட்டை நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

கரிமேட்டு ஓடு

எனக்கு அந்த ஆய்வு ஒரு நாற்றத்தோடுதான் தொடங்கியது. கைட்டோசானை டப்பாவில் வாங்கலாம். ஆனால் முதல் வருடத்து உற்சாகத்தில், இறால் ஓட்டிலிருந்து நானே எடுக்கிறேன் என்று கைடிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். காலை ஆறு மணிக்கு மதுரை கரிமேடு மீன் சந்தைக்குப் போனேன். இறால் உரித்துக் கொடுக்கும் அம்மாவிடம் ஓடு வேண்டும் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். "உரத்துக்கா தாயி, கோழிக்கா?" மருந்துக்கு என்றேன். "எந்த நோய்க்கு?" கண்ணுக்கு என்றேன். "அப்படியானால் மீன் தலையை வாங்கிப் போய்க் குழம்பு வை. ஓட்டைத் தின்று யாருக்குக் கண் தெரிந்தது?" என்று சொல்லிவிட்டு ஒரு பை நிறைய அள்ளிப் போட்டார். காசு வாங்கவில்லை. குப்பைக்குப் போவதற்குக் காசு வாங்குவது பாவம் என்றார்.

அந்தக் குப்பையில் இருப்பது கைட்டின். உலகில் செல்லுலோசுக்கு அடுத்தபடியாக மிகுதியாகக் கிடைக்கும் இயற்கைப் பாலிமர் அதுதான் என்று எல்லா முன்னுரைகளும் தொடங்கும். 1811-இல் பிரான்சைச் சேர்ந்த பிராக்கோனோ காளானில் அதைக் கண்டார். 1859-இல் ரூஜே அதைக் காரத்தில் கொதிக்க வைத்து அமிலத்தில் கரையும்படி செய்தார். 1894-இல் ஹோப்பே-சைலர் அப்படி மாறியதற்குக் கைட்டோசான் என்று பெயர் வைத்தார். இந்த மூன்று வரியும் என் ஆய்வேட்டிலும் உண்டு. மொட்டை மாடியில் ஓட்டைக் காயப்போட்ட கதை மட்டும் அதில் இல்லை. செல்லூரில் எங்கள் வீட்டுக்கு இருபுறமும் சுவர் ஒட்டிய வீடுகள். ஒரே நாளில் அக்கம்பக்கத்துப் பூனைகள் அத்தனையும் எங்கள் மாடியில் மாநாடு கூடின. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

காய்ந்த ஓட்டைப் பொடித்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்கும். ஓட்டிலுள்ள சுண்ணாம்பு கரைந்து, கரியமில வாயு கிளம்புகிறது. பிறகு சோடியம் ஹைட்ராக்சைடில் புரதத்தைக் கழுவ வேண்டும். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாதது இந்தப் புரதம்தான்; அதில் சிறிது மிஞ்சினாலும் மருந்து விஷமாகிவிடும். கடைசியாக, நூற்றுக்கு நாற்பது, ஐம்பது பங்கு வலுவுள்ள காரத்தில் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்தால் கைட்டினின் மேல் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதிகள் கழன்று, அமிலத்தில் நேர்மின்னேற்றம் பெறும் அமீன்கள் வெளியே தெரியும். எவ்வளவு கழன்றது என்பதில்தான் சூட்சுமம். என்னுடையது சரியாகக் கழலவில்லை. ஒரு பை ஓட்டுக்குக் கடைசியில் கையில் நின்றது ஒரு பிடி பழுப்புத் தூள். வினிகர் அளவுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் போட்டால் பாதி கரைந்தது, பாதி தவிடுபோல் மிதந்தது. கைடு பார்த்துவிட்டு, "சரிம்மா, டப்பாவை வாங்கிக்கொள்" என்றார். ஆக, என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் இறால் ஓட்டுப் படம் கரிமேட்டு ஓடு. உள்ளே இருக்கும் துகள் எல்லாம் டப்பாவில் வந்த கைட்டோசான். படத்துக்குக் கீழே அதை நான் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கழுநீர் நிறம்

இருந்தாலும் துகள் உருவாகிற அந்த நிமிடத்தை நான் இன்றும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1997-இல் ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா பல்கலைக்கழகத்தில் மரியா ஹோசே அலோன்சோவின் குழு வெளியிட்ட முறை அது. உலகம் முழுக்கக் கைட்டோசான் ஆய்வகங்களில் இன்னும் அதுதான் நடக்கிறது. பெரிய உலை வேண்டாம், நச்சுக் கரைப்பான் வேண்டாம். அமிலத்தில் கரைந்த கைட்டோசான் நேர்மின்னேற்றத்தோடு இருக்கும். அதைக் காந்தக் கலக்கியில் சுழலவிட்டு, எதிர்மின்னேற்றமுள்ள சோடியம் டிரைபாலிஃபாஸ்பேட்டைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். பிறகு ஏதோ ஒரு சொட்டில் பீக்கர் முழுக்க அரிசி களைந்த மூன்றாம் கழுநீரின் நிறம் வரும். வெள்ளைக்குள் லேசாக நீலம் ஓடும். அந்த நீலம்தான் நானோ. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒளியைச் சிதறடித்துத் தங்கள் வருகையைச் சொல்கின்றன. இன்னும் நாலு சொட்டு கூடிவிட்டால் எல்லாம் திரண்டு, திரிந்த பால்போல அடியில் உட்கார்ந்துவிடும். தண்ணீருக்கும் திரிந்த பாலுக்கும் இடையில் அந்தக் கழுநீர் நிறத்தில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். எந்தக் கருவியும் அதைச் சொல்லித் தராது. பாலுக்கு எவ்வளவு உறை ஊற்றுவது என்று அம்மாவுக்குத் தெரிவதுபோலத்தான்.

மருந்தை முன்பே கரைத்து வைத்திருந்தால் அதில் ஒரு பங்கு துகளுக்குள் சிக்கிக்கொள்ளும். நான் எடுத்துக்கொண்டது டிமோலால். கண் நீர் அழுத்த நோய்க்கு (குளுக்கோமாவுக்கு) இடும் பழைய சொட்டு மருந்து. ஒரு நாள் துகள் 240 நானோமீட்டர் வரும், இன்னொரு நாள் அதே அளவுகளில் செய்தாலும் 400-ஐத் தாண்டும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டுமே ஒன்றுதான். ஆய்வேட்டுக்கு அப்படி இல்லை. நல்ல நாட்களை அட்டவணையில் போட்டேன்.

கண்ணுக்கு ஏன் கைட்டோசான் என்றால், கண்ணின் மேல் படிந்திருக்கும் மியூசின் படலம் எதிர்மின்னேற்றம் கொண்டது. நேர்மின்னேற்றமுள்ள துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். கழுவிக்கொண்டு போகிற கண்ணீரில் நிற்கிற ஒரு பிடிமானம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! மதுரைக்காரிக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும். 1976-இல் பதினோரு படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண் ஆபரேஷனுக்குத் துணைக்குப் போய் வராத வீடு எங்கள் தெருவில் இல்லை. கண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை இந்த ஊர்க் காற்றிலேயே இருக்கிறது.

ஆட்டுக் கண் சிமிட்டாது

மருந்து கண்ணுக்குள் போகிறதா என்று பார்க்க ஆட்டுக் கண் வாங்குவோம். வதைகூடத்திலிருந்து வந்த ஒரு மணி நேரத்துக்குள் கருவிழியின் முன்படலத்தை வெட்டி எடுத்து, இரண்டு கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே ஒரு ஜன்னல் திரைபோலப் பொருத்த வேண்டும். மேல் குடுவையில் துகள் கலந்த மருந்து. கீழ்க் குடுவையில் உப்புக் கரைசல். அரை மணிக்கு ஒரு முறை கீழேயிருந்து கொஞ்சம் எடுத்து அளந்தால் எவ்வளவு மருந்து திரையைக் கடந்தது என்று தெரியும். என் துகள்கள் மணிக்கணக்காக, சீராக, கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்தன. வரைபடம் கோயில் மதில்போல ஒழுங்காக ஏறியது. கைடுக்கு மகிழ்ச்சி. எனக்குப் பெருமை.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கண் மருந்து என்றால் கிருமி நீக்க வேண்டுமே, எப்படிச் செய்வாய்?" வடிகட்டுவேன் என்றேன். "கிருமி வடிகட்டியின் துளை 220 நானோமீட்டர். உன் துகள் 240. மருந்து மேலேயே நின்றுவிடுமே?" அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். 121 டிகிரியில் கைட்டோசானின் சங்கிலி அறுந்து துகள் குலையும் என்பது எனக்கே தெரியும். "அது வருங்கால ஆய்வு, சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வருங்கால ஆய்வு என்பது எங்கள் துறையின் பரண். எதை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் அங்கே ஏற்றிவிடலாம்.

வைவா முடிந்து நாலைந்து நாள் கழித்துத்தான் அது நடந்தது. இரண்டு வருடமாகக் காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்துக் கொண்டிருந்தவள், அன்றுதான் ஏழு மணிக்கு வீட்டில் சும்மா இருந்தேன். அப்பத்தா வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். நிலைக்கதவில் தலையைச் சாய்த்தாள். வாயை ஆவென்று திறந்தாள். வலது கையில் சொட்டு மருந்து. கை லேசாக நடுங்கியது. முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். மூன்றாவது கண்ணுக்குள். உடனே, மருந்து உள்ளே இறங்கட்டும் என்பதுபோல, படபடவென்று பத்துப் பதினைந்து முறை கண்ணைக் கொட்டினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைச் சுளித்து நாக்கைத் தட்டினாள்.

"என்ன அப்பத்தா?"

"கசக்கிறது தாயி."

"கண்ணில்தானே விட்டாய்?"

"கண்ணில்தான் விட்டேன். கண்ணில் விட்டது நாக்கில் கசந்தால் கண்ணுக்கு என்ன மிச்சம்? ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். படித்தவர்களிடம் கேட்டால் சிரிப்பார்களோ என்று விட்டுவிட்டேன்."

அந்த வீட்டில் படித்தவள் நான்தான். அப்பத்தா இட்டுக்கொண்டிருந்தது டார்சோலமைடும் டிமோலாலும் கலந்த சொட்டு. நான் இரண்டு வருடம் ஆட்டுக் கண்ணில் துரத்திய அதே டிமோலால் என் வீட்டு வாசற்படியில் காலையும் மாலையும் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்திருக்கிறது. நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அவள் கேட்ட கேள்விக்குப் புத்தகத்தில் பதில் உண்டு. நான் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவள். ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீர் 7 மைக்ரோலிட்டர். இமை நிறையப் பிடித்தாலும் 30 தான் கொள்ளும். மிச்சம் வழிந்துவிடும். உள்ளே நின்றதையும் கண்ணின் மூக்கோர மூலையிலுள்ள இரண்டு சிறு துளைகள் மூக்குக்குள் இறைத்துவிடுகின்றன. ஒவ்வொரு சிமிட்டலும் அந்த இறைப்புக்கு ஒரு கை கொடுக்கிறது. மூக்கிலிருந்து தொண்டை. அதுதான் கசப்பு. கண்ணுக்குள் போய்ச் சேர்வது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. மூக்கின் உட்சவ்வு வழியாக இரத்தத்தில் ஏறும் டிமோலால் கல்லீரலைத் தொடாமல் நேரே சுற்றுக்குப் போவதால், இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல்கூட வரலாம். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆட்டுக் கண் சிமிட்டாது, கண்ணீர் விடாது, அதற்கு மூக்கு இல்லை என்பதும் தெரியும். தெரிந்த இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்து மில்லி பாட்டிலில் ஏறக்குறைய நூறு சொட்டு. இரண்டு கண்ணுக்கும் இரண்டு வேளை என்றால் நாளுக்கு நாலு. பாட்டில் இருபத்தைந்து நாள் வர வேண்டும். அப்பத்தாவுக்கு ஒரு சொட்டு உள்ளே விழ மூன்று சொட்டு ஆயிற்று. எட்டு, ஒன்பது நாளில் காலி. மாதத்தில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று மகனிடம் கேட்க அவளுக்குக் கூச்சம். அதனால் என்ன செய்திருக்கிறாள்? சாயங்காலச் சொட்டை நிறுத்திவிட்டாள். சில நாள் ஒரு கண்ணுக்கு மட்டும் விட்டிருக்கிறாள், "தெரிகிற கண்ணுக்கு எதற்கு மருந்து?" என்றாள். கண் நீர் அழுத்த நோயில் போன பார்வை போனதுதான், திரும்பாது. மருந்தெல்லாம் மிச்சத்தைக் காப்பதற்கு. அவளோ தெரியாத கண்ணுக்கு மருந்தூற்றி, தெரிகிற கண்ணைப் பட்டினி போட்டிருந்தாள். 'நோயாளியின் ஒத்துழைப்பு' என்று நான் தட்டச்சு செய்த சொல் அப்போதுதான் எனக்குக் கூசியது. ஒத்துழைக்காதது யார்?

பாயில் மல்லாந்து படுக்கவைத்தேன். கீழிமையை விரலால் இழுத்து ஒரு சின்னப் பைபோலச் செய்து அதில் ஒரே சொட்டு. கண்ணைக் கொட்டாமல் மெதுவாக மூடி, மூக்கோர மூலையை ஆள்காட்டி விரலால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். அந்தத் துளைகள் அடைபட்டால் மருந்துக்கு மூக்குக்குப் போகிற வழி இல்லை. இரண்டு நிமிடம் என்பதை எப்படி அளப்பது என்று கேட்டாள். திருப்பரங்குன்றத்து முருகன் பெயரை நூற்றெட்டு முறை சொல் என்றேன். மூன்றாம் நாள் காலையில் நாக்கைத் தட்டிப் பார்த்தவள், "முக்கால்வாசிக் கசப்பு போய்விட்டது" என்றாள். மருந்தைக் கண்ணில் நெடுநேரம் தங்கவைக்க நான் இறால் ஓட்டை அமிலத்தில் போட்டேன், காரத்தில் கொதிக்கவைத்தேன். அவள் ஒரு விரலை வைத்தாள். அடுத்த பரிசோதனையில் அழுத்தம் குறைந்திருந்தது. ஆனால் டாக்டர் இடையில் மருந்தையும் மாற்றியிருந்தார். அதனால் விரலுக்கு நான் பெருமை கேட்க முடியாது.

இதைச் சொன்னால் கைட்டோசானே வெறும் பேச்சு என்று நான் சொல்வதாக நண்பர்கள் நினைக்கிறார்கள். இல்லை. இரத்தக் கசிவை நிறுத்தும் கட்டுத்துணியாக அது போர்க்களம் வரை போய் உயிர் காத்திருக்கிறது. 2000-களின் தொடக்கத்திலிருந்தே அமெரிக்கப் படையினர் அதைப் பயன்படுத்தினார்கள். காயத்தில் அது எளிது. இரத்தத்தின் செல்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை, கைட்டோசான் இழுத்துத் திரட்டிவிடுகிறது. கண்ணில் அப்படி இல்லை. என் துகள்களின் மின்னேற்றத்தை நான் அளந்தது அமிலக் கரைசலில். கண்ணீரோ காரப்பக்கம் லேசாகச் சாய்ந்தது, 7.4, அங்கே கைட்டோசான் தன் மின்னேற்றத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. கண்ணீரின் உப்பு துகளின் கட்டைத் தளர்த்துகிறது. கண்ணீரிலிருக்கும் லைசோசைம் கைட்டோசானைக் கடித்துத் துண்டாக்கும் என்சைம். இவை தீராத சிக்கல்கள் அல்ல. பலர் வேலை செய்கிறார்கள், செய்ய வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு. சொட்டை இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளையாக்குவோம் என்று நான் எழுதிய நாளில், கண்ணீரைத் தொட்டதும் கூழாக மாறி ஒரே வேளையில் வேலையை முடிக்கிற டிமோலால் சொட்டு வந்து இருபது வருடமாகியிருந்தது. இரவில் ஒரு முறை மட்டும் இடும் லட்டனோப்ரோஸ்ட் 1996-இலேயே வந்துவிட்டது. என் முன்னுரையில் இரண்டும் இல்லை. இருந்திருந்தால் கடைசி வரி நிற்காது.

இதே ஊரில் 1992-இல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை ஏழைக்குக் கட்டுபடியாகிற விலைக்குக் கொண்டுவந்தது. லென்ஸை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அது கைக்கு எட்டாமல் இருந்த தூரத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். அந்தத் தூரத்தை அளக்க எங்களுக்கு ஆய்வகத்தில் கருவி எதுவும் தரப்படவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது நான் கோரிப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கண் சொட்டு மருந்துக்குச் சீட்டு நீட்டுகிற பெரியவர்களிடம், போன பாட்டில் எப்போது வாங்கினீர்கள் ஐயா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு மாதம் என்று சொன்னால் ஒரு கதை, பத்து நாள் என்று சொன்னால் இன்னொரு கதை. கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் கண் மூலையில் விரல் வைத்துக் காட்டுவேன். கடை முதலாளி முதலில் முறைத்தார். இப்போது அவரே தன் மாமியாருக்குக் காட்டிக் கொடுத்ததாகச் சொல்கிறார்.

தெருக்கோடி வீட்டுப் பெண் பொறுக்க முடியாமல் சனிக்கிழமை வந்துவிட்டாள். எழுத்துப்பிழையெல்லாம் திருத்தியிருந்தேன். கடைசி வரியைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தேன். "தப்பா அக்கா?" என்றாள். தப்பில்லை, யாராவது கண்ணில் சொட்டு விடுவதை நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். யோசித்தாள். "தாத்தா விடுவார். பார்த்ததில்லை." ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு வந்து அந்த வரியை வைத்துக்கொள், இல்லை எடுத்துவிடு, உன் இஷ்டம் என்றேன்.

நேற்று ராத்திரி போன் செய்தாள். "அக்கா, தாத்தா சொட்டு விடும்போது வாயை எதற்குத் திறக்கிறார்?" எங்கள் அப்பத்தாவும் திறப்பாள் என்றேன். எத்தனை சொட்டு வெளியே போயிற்று என்று கேட்டேன்.

எண்ணவில்லை, காலையில் எண்ணிச் சொல்கிறேன் என்றாள்.